ஆணி அடிக்காத வீடு

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தவர்கள் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் படங்களெல்லாம் தரையில் இருந்தன. சோபாவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து, ஒன்றன்பின் ஒன்றாக. "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்க வேண்டுமானால் முழங்கால் மடங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பல்டாக்டரம்மா முதல் தடவை வந்தபோது, "என்ன டீச்சர், இன்னும் சாமானெல்லாம் பிரிச்சு வைக்கலையா? நான் வேணா உதவிக்கு வரட்டுமா?" என்று பரிவோடு கேட்டாள். நாங்கள் குடிவந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

எல்லாம் என் கணவரால்தான். இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, தலை நரைத்து, கர்னலாக ஓய்வு பெற்றவர். எதற்கும் அஞ்சாத மனிதர் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், நான் கூடப் போய்ப் பார்த்ததில்லை. நான் பார்த்த வரையில் அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். சுவரில் அடித்த ஆணிக்கு.

ராணுவத்தில் குடியிருக்கும் வீடு நம்முடையது இல்லை, இரவல். இரண்டு வருஷம், மிஞ்சிப் போனால் மூன்று. அப்புறம் ஆர்டர் வரும், பெட்டி கட்ட வேண்டும், அடுத்த ஊர். கிளம்பும் நாளில் குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் டார்ச்சும் கையுமாக வருவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பார்ப்பார். குழாய் சொட்டுகிறதா, கண்ணாடி கீறியிருக்கிறதா, நாற்காலிக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய எண் அழியாமல் இருக்கிறதா, முக்கியமாக, சுவரில் ஓட்டை இருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால்தான் சாவியை வாங்கிக்கொள்வார். சாவி அவர் கைக்குப் போனால்தான் நமக்கு விடுதலை.

கல்யாணமான புதிதில் எனக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது. காலண்டர் மாட்டுவதற்காக ஓர் ஆணி அடித்தேன். ஒரே ஓர் ஆணி. கிளம்பும் அன்று இன்ஸ்பெக்டர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, ஏதோ பீரங்கிக் குண்டு துளைத்ததைப் போல எட்டி நின்று பார்த்து, கிட்டே வந்து பார்த்து, பூசி வெள்ளையடிக்காமல் சாவியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் அப்போது வாயும் வயிறுமாக இருந்தேன். பூச்சு காயும்வரை, கட்டி வைத்த இரும்புப் பெட்டியின்மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் கணவர், அப்போது வெறும் கேப்டன், ஓர் அட்டையை எடுத்துச் சுவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். வியர்த்து வழிந்துகொண்டிருந்த எனக்கு இரண்டு விசிறு விசிறலாம் என்று அந்த மகானுபாவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றோடு எங்கள் குடும்பத்தில் ஆணி ஒழிந்தது. தவிர்க்க முடியாமல் எங்காவது ஒன்று அடித்தாலும், கிளம்புவதற்கு முதல்நாள் அதைப் பிடுங்கி, ஓட்டையில் பற்பசையை அடைத்து, விரலால் வழித்து, ஈரத்துணியால் ஒற்றிவிடுவார். காய்ந்ததும் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகிவிடும். பட்டாளத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் இது. ஒருமுறை நான் தெரியாத்தனமாக நீலக்கோடு போட்ட பற்பசையை வாங்கி வந்துவிட்டேன். அன்று வீட்டில் நடந்தது சாதாரணப் பேச்சு இல்லை, விசாரணைக் கமிஷன்.

சரி, ஓய்வு பெற்றாயிற்று, சொந்த வீடும் வாங்கியாயிற்று, இனிமேலாவது மனிதர் மாறுவார் என்று நினைத்தேன். குடிவந்த அன்றே ஆணியும் சுத்தியலும் கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டுமே, என்ன அவசரம்?" என்றார். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருஷமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் அவர் வேறொரு வேலை செய்து முடித்தார். நாங்கள் புதிதாக வாங்கிய நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, அடியில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதினார். எண் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு நிமிர்வதில்லை போலிருக்கிறது. அவரைச் சொல்வானேன், நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? என் திரைச்சீலைகளை நான் இதுவரை வெட்டித் தைத்ததில்லை. அடியில் ஒரு முழம் மடித்துத்தான் தைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்துவிடலாம் அல்லவா?

தரையில் சாய்த்திருந்த அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை என்னுடையவை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவருக்கு மாற்றலான ஊரிலெல்லாம் நானும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துவிடுவேன். பிள்ளைகள் என் குரலுக்குப் பழகி, நான் அவர்கள் கையெழுத்துக்குப் பழகி, இனிமேல்தான் பாடம் ஓடும் என்கிற நேரத்தில் ஆர்டர் வந்துவிடும். பிரியும்போது வகுப்போடு ஒரு குரூப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். எல்லாப் படத்திலும் நான் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் படத்தில் இருக்கும் பிள்ளைகளையும் நான் கரை சேர்த்ததில்லை. அந்தப் படங்கள் சுவரேற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம். பாதியில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைத் தரையிலுமா விட வேண்டும்?

இந்தத் தெருமுனையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் ஆசிரியைதான் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவர்களோடு ஏறிப்போவாள். சேரும்போதே தலைமையாசிரியை கறாராகச் சொன்னார்: "நடுவுல விட்டுட்டுப் போறவங்க எங்களுக்கு வேண்டாம்மா." நான், "போக மாட்டேன்," என்றேன்.  அதுவரை எந்தப் பள்ளியிலும் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. இப்போது என் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறார்கள். ஒருத்தன் ஏழு என்ற எண்ணை இன்னும் திருப்பித்தான் போடுகிறான். ஒருத்தி முதல் வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை, இப்போது அவள் வாயை மூட வைக்கத்தான் எனக்குச் சம்பளம். இவர்கள் ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே போவதை நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும். என் ஆயுசில் நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டுக் கர்னலுக்கு மூன்றாம் வருஷ நமைச்சல் ஆரம்பித்தது.

எனக்கு அந்த அறிகுறிகள் அத்துப்படி. முதலில் வீட்டில் குறை கண்டுபிடிப்பார். குழாயில் தண்ணீர் வேகம் போதவில்லை என்பார். தெருவிளக்கு கண்ணைக் குத்துகிறது என்பார். அப்புறம் இரும்புப் பெட்டிகளின் பூட்டுகளுக்கு எண்ணெய் போடுவார். அப்புறம் ஒரு நாளைக்கு நாலு தடவை வாசலுக்குப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதில் பல்டாக்டரம்மாவின் விளம்பரச் சீட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. அவருக்கு யார் ஆர்டர் அனுப்பப் போகிறார்கள் என்று நான் மெத்தனமாக இருந்துவிட்டேன்.

ஆர்டர் போனில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டவர் இவரிடம் முன்பு வேலை பார்த்த மேஜர். இப்போது ஒரு பெரிய தொழிற்சாலையில் ஏதோ அதிகாரி. தொழிற்சாலைக்குப் பாதுகாப்புத் தலைவராக ஒருவர் வேண்டுமாம். மேஜருக்குப் பட்டாளத்துக் குரல், தட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"பங்களா குடுக்கறாங்க சார். கட்டில், சோபா, பீரோ எல்லாம் அவங்களே போட்டிருக்காங்க. நம்பரோட சார்!"

நம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். கையில் பாதி ரொட்டி. முகத்தில் மாப்பிள்ளைக் களை. "ஒண்ணாம் தேதி வந்து ரிப்போர்ட் பண்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"கிளம்பணும்," என்றார் என்னிடம்.

"எங்க?"

"போஸ்டிங் வந்திருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

திருதிருவென்று விழித்தார். "ஆர்டர் வந்தா வீட்டுல கேக்கறதா?"

"எது ஆர்டர்? போன்ல ஒருத்தர் கூப்பிட்டார். அதுவும் உங்களுக்குக் கீழ வேலை பார்த்தவர். நீங்க அவருக்கு சல்யூட் அடிக்காத குறை."

"இருந்தாலும் நல்ல எடம். பெரிய தோட்டம் எல்லாம் இருக்காம்."

"என் பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொன்னார். "அங்கேயும் ஒரு ஸ்கூல் இருக்கும்மா."

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் இதைத்தான் சொல்வார். அவர் சொன்னது என்றைக்கும் பொய்த்ததில்லை. எல்லா ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கத்தான் செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். தண்ணீர் வேகமாகத்தான் கொட்டியது.

மறுநாள் மகளைக் கூப்பிட்டேன். வெளியூரில் வக்கீலாக இருக்கிறாள், எதையும் இரண்டாக வெட்டித்தான் பேசுவாள்.

"அப்பா மட்டும் போகட்டும்மா. நீ இரு. அவருக்கு சமைக்கத் தெரியும், பட்டன் தைக்கத் தெரியும், ஷூ தொடைக்கத் தெரியும். உன்னை விட நல்லாவே இருப்பார்."

"அதெல்லாம் இருப்பார்," என்றேன்.

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவர் என்னை விட்டு இருப்பார். எனக்குத்தான் அவர் இல்லாமல் முடியாது. அவர் எல்லைக்குப் போன வருஷங்களில் தனியாக இருந்து பார்த்திருக்கிறேன். காலையில் அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்காத வீடு எனக்கு வீடாகவே இருக்காது. போனால் இரண்டு பேரும் போக வேண்டும், இருந்தால் இரண்டு பேரும் இருக்க வேண்டும். நான் கேட்டது அது.

சண்டை போட்டும் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். இரண்டும் அவர் காதில் ஏறவில்லை. அந்த மனிதர் சாமான் கட்டும் அழகு இருக்கிறதே, அதைப் பார்த்தால் கோபப்படக்கூட நேரம் இருக்காது. கண்ணாடி டம்ளரைப் பனியனில் சுற்றி, பனியனை ஷூவுக்குள் திணித்து, ஷூவைப் பானைக்குள் வைத்து, ஒரு பெட்டியில் ஒரு சமையலறையை அடக்கிவிடுவார். விசிலடித்துக்கொண்டே செய்வார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். அதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை.

எல்லாம் கட்டி முடித்த பிறகு அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வீட்டை யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

"பூட்டிட்டுப் போங்க."

"அப்படியெல்லாம் போக முடியாது. யாராவது பார்த்து, சரின்னு பொறுப்பு எடுத்துக்கணும். அப்பதானே நாம கிளம்ப முடியும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மனிதருக்கு நிஜமாகவே கால் வரவில்லை. எத்தனையோ வீடுகளை அவர் விட்டுப் போயிருக்கிறார், ஒருவர் வந்து பார்த்துத் தலையாட்டாமல் ஒரு வீட்டை விட்டும் போனதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பல்டாக்டரம்மாவைக் கேட்டார். "பல்லுன்னா நான் பொறுப்பு எடுத்துக்கறேன் கர்னல் சார். வீடு எனக்கு வராது," என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து, கட்டி வைத்த பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. இவ்வளவு வருஷம் பட்டாளத்தோடு குப்பை கொட்டியதற்கு இதுகூடத் தோன்றவில்லை என்றால் எப்படி?

"இந்த வீடு யார் பேர்ல இருக்குங்க?" என்றேன்.

"உன் பேர்லதான்." பத்திரம் பதிந்தபோது அவர் எல்லையில் இருந்தார், அதனால் என் பெயரில் வாங்கியிருந்தோம்.

"அப்ப யாருக்கிட்ட ஒப்படைக்கணும்?"

அவர் முகம் தெளிந்தது. "உன்கிட்டதான்!"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில இன்ஸ்பெக்‌ஷன். எல்லாம் சரியா இருந்தா சாவியை வாங்கிக்கறேன், ரெண்டு பேரும் கிளம்பலாம். சரியா இல்லைன்னா?"

"சரி பண்ணாம யாரும் நகர முடியாது," என்றார், விதிமுறையை எனக்கே ஒப்பித்து. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் முழுக்கக் குழாய்களை முடுக்கி, ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை நான் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலும் எடுத்துக்கொண்டேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கைகளைப் பின்னால் கட்டி, ஓரடி தள்ளி என் பின்னால் வந்தார். என்னைப் பெட்டியின்மேல் உட்கார வைத்த அந்தப் பழைய இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொண்டேன். அவருடைய நடை, அவருடைய இருமல், "ம்ம்ம்" என்று மூக்கால் இழுக்கிற இழுப்பு, எல்லாம் தானாக வந்தது.

"இந்தத் தாழ்ப்பாள் ஏன் இறுக்கமா இருக்கு?"

"மழைக்கு மரம் ஊதியிருக்கு. எண்ணெய் விட்டுடறேன்."

"ம்ம்ம். இந்த நாற்காலி நம்பர்ல பாதி காணோம்."

கவிழ்த்துப் பார்த்தார். "நீதான் தினமும் தரையில இழுக்கறே."

"காரணம் கேக்கலை. நம்பர் எங்கன்னுதான் கேட்டேன்."

"பெயின்ட் அடிச்சுடறேன்," என்றார் பவ்யமாக. எனக்குச் சிரிப்பு முட்டியது. நாற்பது பிள்ளைகளை வெறும் கண்ணால் மேய்க்கிறவள் நான், ஒரு கர்னல் எம்மாத்திரம்? ஆனாலும் ஒரு கவலை இருந்தது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய், நாற்காலிக்குப் பெயின்ட், இதெல்லாம் அரைமணி நேர வேலை. அவர் வீட்டை அந்த லட்சணமாக வைத்திருந்தார். இப்படியே போனால் மத்தியானத்துக்குள் சாவியை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக இருந்தது என் அறை. பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவதற்காக ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு வைத்திருக்கும் சின்ன அறை.

"சுவத்துல ஓட்டை?"

"இந்த வீட்டுலயா?" கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். "ஒண்ணுகூட இல்ல."

ஒப்புக்காகத்தான் டார்ச் அடித்தேன். நேராக அடிக்கக் கூடாது, சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும் என்று அந்தப் பாவி இன்ஸ்பெக்டரிடம்தான் கற்றிருந்தேன். வெளிச்சம் சுவரை வழித்துக்கொண்டு போனது. என் மேஜைக்கு நேர் மேலே, பொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரே மட்டத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரு வரிசையே இருந்தது.

ஸ்கேலின் முனையால் ஒரு புள்ளியைச் சுரண்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். புதினா வாசனை.

திரும்பிப் பார்த்தேன். கர்னல் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன?"

"பற்பசை."

"அது தெரியுது. யாரு அடிச்சது?"

"நான்தான்." செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மிருகக்காட்சி சாலைக்குப் போனியே, அன்னைக்கு. நீ வர்றதுக்குள்ள மாட்டி வைக்கலாம்னு. உன் போட்டோ எல்லாத்தையும்."

"மாட்டினீங்களா?"

"எல்லாத்தையும் மாட்டினேன். அந்த நாற்காலியிலதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பார்த்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க கழட்டினீங்க?"

 அவர் விரல் நுனியால் ஒரு பற்பசைப் புள்ளியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பயம் வந்துடுச்சு," என்றார். "இத்தனை வருஷத்துல எந்த வீட்டுல இருந்தாலும், இதுக்கு அப்புறம் இன்னொரு வீடு இருக்குன்னு தெரியும். அது நல்லா இருக்கும், இருக்காது, அது வேற. ஆனா ஒண்ணு இருக்கும். அன்னைக்கு அந்தப் படத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தப்ப, இதைக் கழட்டவே வேண்டாம்னு தோணுச்சு. கழட்டவே வேண்டாம்னா, இங்கேர்ந்து நமக்கு அடுத்த போஸ்டிங் எது? ஒண்ணே ஒண்ணுதானே? அதான், நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கி அடைச்சுட்டேன்."

மூன்று வருஷம் அவரைக் கேலி செய்திருக்கிறேன். வருகிறவர்களையெல்லாம் குத்துக்காலிட வைத்து, "எங்க வீட்டுக்காரருக்கு ஆணின்னா அலர்ஜி," என்று சிரிக்க வைத்திருக்கிறேன். ஊர் மாறி ஊர் மாறி ஓடுகிற ஆசை என்றுதான் நினைத்தேன். அவர் ஓடவில்லை, ஒளிந்துகொண்டிருந்தார்.  அவர்மேல் அந்த நிமிஷம் வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை பயந்து நடுங்கினால், பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. சொல்லி எந்தப் பிள்ளைக்கும் பயம் போனதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசுவேன். டார்ச்சை அணைத்துவிட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த ஆர்டர் வர்றப்ப வரட்டுங்க," என்றேன். "அன்னைக்கு யாரும் டார்ச் எடுத்துக்கிட்டு சுவத்துல ஓட்டை தேட மாட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் நான் எதுக்கு தரையில குனிஞ்சு குனிஞ்சு என் பிள்ளைங்களைப் பார்க்கணும்? எனக்கு முழங்கால் வலிக்குது."

"ம்ம்," என்றார்.

நான் எழுந்து, பழைய இன்ஸ்பெக்டரைப் போல ஓர் இருமல் இருமினேன். "சரி, கேட்டுக்கங்க. இந்த வீடு தேறலை. நான் சாவி வாங்கிக்க மாட்டேன்."

அவர் விறைப்பாக நின்றார். பழக்கதோஷம். "எத்தனை நாள்ல சரி பண்ணணும்?"

"ரெண்டு வருஷம் ஆகும். அப்புறம் மறுபடி வந்து பார்ப்பேன். அப்பவும் தேறும்னு தோணலை."

கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். நான் கதவோரம் நின்றேன். இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.

"மேஜர், நான் வர முடியாதுப்பா. வீட்டை ஒப்படைக்க முடியலை. இன்ஸ்பெக்‌ஷன்ல தேறலை."

அந்தப் பக்கத்திலிருந்து மேஜர் துள்ளினார். "யார் சார் அந்த ஆளு? நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"வேண்டாம்பா. ரொம்பக் கண்டிப்பு." என்னைப் பார்த்தார். "டீச்சர்."

 பிறகு மேஜர் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் அவர் ஆணி அடித்தார். பழைய ஓட்டைகளிலேயே அடித்துவிட்டுப் போகலாம் என்றேன், கேட்கவில்லை. பற்பசைச் சுவர் ஆணியைப் பிடிக்காதாம். பழைய வரிசைக்கு நாலு விரல் மேலே ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வோர் ஆணிக்கும் இடம் அளந்து, ஏதோ முகாம் போடுகிற மாதிரி ஏற்பாடு செய்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஆணியை அடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சரியாகிவிட்டது.

சத்தம் கேட்டுப் பல்டாக்டரம்மா ஓடி வந்தாள். "ஞாயித்துக்கிழமைகூட நான் க்ளினிக்கைத் திறந்து வச்சிருக்கேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டீச்சர்," என்றவள், சுவரைக் கிட்டத்தில் பார்த்து, ஒரு புள்ளியை நகத்தால் கீறினாள். "கர்னல் சார், சொத்தை அடைக்கிறதுல என்னை மிஞ்சிடுவீங்க போலிருக்கே." முதல்முறையாக எங்கள் வீட்டுப் படங்களை நின்றபடியே பார்த்தாள். கழுத்து வலிக்கிறது என்று புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு படத்துக்கு ஓர் ஆணி. கட்டிய பெட்டியைப் பிரித்து நான் எடுத்துத் துடைத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் மாட்டிக்கொண்டே வந்தார். நான் பாதியில் விட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பாக என் மேஜைக்கு மேலே வந்து உட்கார்ந்தார்கள். படங்கள் தீர்ந்த பிறகும் வரிசையின் கடைசியில் ஓர் ஆணி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது.

"கணக்கு தப்பாப் போச்சா?" என்றேன். நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவரைச் சீண்ட எனக்கு வாய் ஊறியது. "இதுக்கு எந்தப் பற்பசையை எடுக்கப் போறீங்க?"

"தப்பெல்லாம் இல்ல." சுத்தியலைத் துணியால் துடைத்தபடி சொன்னார். "அது உன் அஞ்சாங்கிளாஸ் போட்டோவுக்கு."

 நான் இன்ஸ்பெக்டர் மாதிரி அந்த ஆணியை இரண்டு விரலால் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை.